விங்ஸ் வாங்கும் நாளில் விபூதியை எங்கே பூசுவது?

வருடத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும், ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் உள்ள டுண்டிகல் விமானப் படை அகாடமியில் பட்டமளிப்பு அணிவகுப்பு நடக்கும். பயிற்சி முடித்த பைலட்டுகளின் மார்பில் 'விங்ஸ்' என்கிற இறக்கைச் சின்னத்தைக் குத்துவது அன்றைக்குத்தான். அதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் வாசனை மாறிவிடும். இருபது வருடம் விமானப் படையில் ஃபிட்டராக ஸ்பேனர் பிடித்தவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்கள்தான்.

சார், என் மகனுக்கு அடுத்த மாதம் டுண்டிகலில் விங்ஸ் தருகிறார்கள். நானும் அவன் அப்பாவும் ஊரை விட்டு அதிகம் போனதில்லை. அன்றைக்கு அங்கே என்ன நடக்கும்? விங்ஸை நாங்களே குத்தலாமா? குலதெய்வம் கோயில் விபூதி கொண்டுபோகிறேன், பூச விடுவார்களா? — ஒரு தாய், சிவகாசி

விங்ஸை நீங்கள் குத்த முடியாது அம்மா. அணிவகுப்பு மரியாதையை ஏற்க வருகிறவர்தான் குத்துவார், ஒவ்வொருவருக்காக, இடது மார்பில், பாக்கெட்டுக்கு மேலே. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து உங்கள் பையன் எந்தத் தலை என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. எல்லாரும் ஒரே உடை, ஒரே முடிவெட்டு, ஒரே நடை, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. எந்த வரிசையில் எத்தனையாவது ஆள் என்று முந்தின நாளே அவனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதிமொழி எடுப்பார்கள். அப்புறம் இரண்டு வரிசையாக மெதுநடையில் மைதானத்தை விட்டு வெளியே வருவார்கள், அப்போது அடுத்த பேட்ச் பிள்ளைகள் இவர்களுக்கு முதல் சல்யூட் அடிப்பார்கள். நேற்று வரை இவனைப் போலவே கேடட்டாக இருந்தவர்கள் இன்றைக்கு 'சார்' என்பார்கள். தலைக்கு மேலே இவர்கள் பழகிய பிலாட்டஸ் விமானங்கள் பறக்கும், பெரும்பாலும் நம் சூலூரில் இருக்கும் சாரங் ஹெலிகாப்டர் குழுவும், பீதரிலிருந்து சூர்யகிரண் ஜெட் குழுவும் வந்து வித்தை காட்டும். எல்லாரும் அண்ணாந்து பார்க்கிற நேரத்தில் பெற்றவர்கள் மட்டும் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் கவனித்திருக்கிறேன்.

விபூதி விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் அக்கா மகன் அங்கே விங்ஸ் வாங்கியபோது அக்காவோடு நான்தான் போனேன். தாம்பரத்திலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸ், ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை, மஞ்சப்பையை மடியிலேயே வைத்திருந்தாள். பரேடு முடிந்து பையன் எங்களிடம் ஓடி வந்தான், தொப்பி, வியர்வை, மார்பில் புதுசாக அது. அக்கா பையிலிருந்து தினத்தாளில் மடித்த பொட்டலத்தை எடுத்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது, சுற்றிலும் பெரிய பெரிய அதிகாரிகள். அவன் ஒன்றும் சொல்லாமல் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தான். நெற்றி நிறையப் பூசினாள், கண்ணில் விழாமல் இருக்கக் கையால் மறைத்து ஊதியும் விட்டாள். அவன் நிமிர்ந்து தொப்பியைத் திரும்ப வைத்தான், விபூதி உள்ளே போய்விட்டது. வித்தை அவ்வளவுதான். கொஞ்சம் மேலே தள்ளிப் பூசுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அழைப்பிதழோடு வரும் தாளில் எந்த அடையாள அட்டை வேண்டும், எதைக் கொண்டுவரக் கூடாது, எத்தனை மணிக்கு வாசலில் இருக்க வேண்டும் என்று இருக்கும். அதை வரி விடாமல் படியுங்கள். வாசலில் நின்று 'என் பிள்ளை உள்ளே இருக்கிறான்' என்று அழுதாலும் நடக்காது.

தங்கச்சி மகன் ஃபைட்டர் பைலட் ஆகிவிட்டான்! ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் வைக்கப் போகிறேன். யூனிஃபார்மோடு படம், எந்த ஊர் ஏர்பேஸ் என்கிற விவரம், எங்கள் தலைவர் படம், என் படம். வாசகம் எழுதித் தர முடியுமா? — தாய்மாமன், திண்டுக்கல்

முடியாது மாப்பிள்ளை. 2019-ல் பள்ளிக்கரணையில் சாலையோரம் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன ஒரு பெண் செத்துப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். அது ஒரு பக்கம். பையன் எந்தத் தளத்தில் இருக்கிறான், எந்த விமானம் ஓட்டுகிறான் என்பதைப் பஸ் ஸ்டாண்டில் பத்தடிக்கு எழுதி வைக்கிற காரியம் அவனுக்கே வினையாக முடியும். அவனைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள், கெஞ்சுவான், 'மாமா, தயவுசெய்து வேண்டாம்' என்று. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பதாக இருந்தாலும் அவன் சரி என்ற படத்தை மட்டும் வையுங்கள்.

அப்புறம் ஒரு சங்கதி. விங்ஸ் வாங்கியதோடு அவன் ஃபைட்டர் பைலட் ஆகிவிடவில்லை. அந்தப் பிரிவுக்குப் போகிறவர்கள் இனிமேல்தான் பீதரில் ஹாக் ஜெட்டில் பயிற்சி எடுக்க வேண்டும், அது முடிந்து படைப்பிரிவுக்குப் போனால் அங்கேயும் மறுபடி மாணவன்தான். தலைவர் படத்துக்கு அவசரம் ஒன்றுமில்லை. மாமன் சீர் செய்ய ஆசை என்றால் தெருவுக்கே கறி விருந்து போடுங்கள், நானும் வருகிறேன்.

என் மகனுக்கு டிரான்ஸ்போர்ட், அதாவது ஆளும் சரக்கும் ஏற்றும் விமானப் பிரிவு, கிடைத்திருக்கிறது. எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் சொந்தக்காரர்கள் 'ஓ, ஃபைட்டர் இல்லையா, லாரி மாதிரியா?' என்கிறார்கள். என்ன பதில் சொல்வது? — திருச்சி வாசகி

சொந்தக்காரர்களுக்கு எது கிடைத்தாலும் அதற்கு மேலே ஒன்று தெரியும். ஃபைட்டர் கிடைத்திருந்தால் 'ரஃபேல் இல்லையா?' என்று கேட்டிருப்பார்கள்.

முதல் கட்டத்தில் எல்லாரும் டுண்டிகலில் ஒரே பிலாட்டஸில்தான் பறக்கிறார்கள். அது முடிந்ததும், யார் கை எதற்கு வாகாக இருக்கிறது, படைக்கு எங்கே ஆள் தேவை என்று பார்த்து மூன்றாகப் பிரிப்பார்கள்: போர் விமானம், ஹெலிகாப்டர், டிரான்ஸ்போர்ட். ஹெலிகாப்டர்காரர்களுக்கு ஹகிம்பேட், டிரான்ஸ்போர்ட்காரர்களுக்கு எலஹங்கா. ஃபைட்டர் கேட்டவனுக்கு அது கிடைக்காத அன்றைக்கு மனசு சுருங்கும், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் லாரி என்கிறார்களே, சரி, லாரியையே எடுத்துக்கொள்வோம். 2013 ஆகஸ்டில் லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில், 16,614 அடி உயரத்தில், மூச்சு விடவே காற்று போதாத இடத்தில் ஒரு சி-130 ஜே விமானத்தைக் கொண்டுபோய் இறக்கினார்கள். காற்று இளைத்திருந்தால் இன்ஜினின் வலு குறையும், இறக்கை தூக்குவதும் குறையும், அதனால் தரையிறங்கும்போது வேகம் அதிகம் வேண்டும், ஓடுபாதை நீளமாக வேண்டும். அங்கே கணக்கு கொஞ்சம் பிசகினாலும் போச்சு. 2021-ல் காபூல் விழுந்தபோது ஒரே சி-17 விமானத்தில் 168 பேரை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த 168 வீட்டிலும் போய் லாரியா என்று கேட்கச் சொல்லுங்கள்.

ஹெலிகாப்டர் கிடைத்தவர்களின் வீட்டாருக்கும் இதே குறை உண்டு என்பதால் சேர்த்தே சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மாடியில் மாட்டிக்கொண்ட நிறைமாதக் கர்ப்பிணியை வடத்தில் தூக்கிக் காப்பாற்றியது விமானப் படை ஹெலிகாப்டர். அவருக்குப் பிறகு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன.

அண்ணாச்சி, நானும் உங்களைப் போல விமானப் படையில் இருந்தவன், சார்ஜன்டாக ஓய்வு பெற்றேன். இந்த முறை என் மகள் ஃப்ளையிங் ஆபீசராக வெளியே வருகிறாள். நான் அவளுக்கு சல்யூட் அடிக்கலாமா? பார்ப்பவர்கள் சிரிப்பார்களா? — தூத்துக்குடி வாசகர்

யாரும் சிரிக்க மாட்டார்கள் அண்ணாச்சி. இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டப்படி பார்த்தால் அவசியமில்லை. நீங்கள் ஓய்வு பெற்றவர், வேட்டியிலோ பேன்ட்டிலோ இருப்பீர்கள். ஆனால் பிள்ளைக்கு சல்யூட் அடித்த அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்காகக் கையில் மூன்று பட்டை போட்டவர்கள், தோளில் ஒற்றைப் பட்டையோடு நிற்கிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் முன்னால் விறைப்பாக நிற்பார்கள். பிள்ளைக்குத்தான் கஷ்டம். பதில் சல்யூட் அடித்தாக வேண்டும், காலிலும் விழ வேண்டும், எதை முதலில் செய்வது என்று தெரியாமல் முழிக்கும்.

நம் காலத்தில் பறக்கும் பிரிவில் பெண்களே கிடையாது, 1994-ல்தான் முதல் பெண் பைலட்டுகள் வந்தார்கள். 2016 ஜூன் 18 அன்று அதே டுண்டிகலில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் போர் விமானப் பிரிவுக்கு வந்த முதல் பெண்களானார்கள். அடியுங்கள் அண்ணாச்சி. ஷூவுக்கு மட்டும் நன்றாக பாலிஷ் போடுங்கள், மகள் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

என் அண்ணன் குடும்பம் டெக்சாஸில். அண்ணன் மகன் அமெரிக்க விமானப் படையில் பயிற்சி முடித்து விங்ஸ் வாங்கினான். அண்ணிதான் குத்திவிட்டார். அப்புறம் அந்த விங்ஸை அவன் இரண்டாக உடைத்துவிட்டான்! அண்ணி சிரிக்கிறார். வீடியோவில் பார்த்த எங்கள் அம்மாவோ இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அபசகுனமில்லையா? — மதுரை வாசகர்

அம்மாவுக்கு முதலில் சோறு போடுங்கள். அது அவர்கள் வழக்கம். முதன்முதலில் கிடைக்கும் விங்ஸை பைலட் அணிவதில்லை, உடைத்துவிடுவான். ஒரு பாதி அவனிடம், மறு பாதி அவனுக்கு நெருக்கமானவரிடம், அம்மாவோ மனைவியோ நண்பனோ. அவன் உயிரோடு இருக்கும் வரை இரண்டு பாதியும் ஒன்றுசேரக் கூடாது, சேர்ந்தால்தான் அவர்களுக்கு அபசகுனம். அங்கே பல இடங்களில் குடும்பத்தாரே குத்திவிடுவதும் உண்டு, சிவகாசி அம்மா படித்தால் பொறாமைப்படுவார்.

நாம் புது வண்டி வாங்கினால் பூசணிக்காய் உடைக்கவில்லையா, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கவில்லையா? அதைப் பார்த்து ஒரு அமெரிக்கக் கிழவி இரண்டு நாள் பட்டினி கிடந்தால் நாம் என்ன சொல்வோம். அம்மாவிடம் 'திருஷ்டி கழித்தார்கள்' என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்.

என் பெண்ணுக்கு வந்திருக்கும் வரன் விமானப் படை பைலட், போன வருடம்தான் விங்ஸ் வாங்கியவர். நல்ல குடும்பம். ஆனால் மனசுக்குள் பயம். உள்ளே இருந்தவர் என்ற முறையில் உண்மையைச் சொல்லுங்கள். — கும்பகோணம் வாசகர்

ஆபத்து உண்டு. இல்லை என்று எழுதினால் நான் பொய்யன்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். எந்தப் பயிற்சிக் கேடட்டும் முதல் நாளே தனியாகப் போவதில்லை. பிலாட்டஸில் பின் சீட்டில் பயிற்சியாளர் இருப்பார், அந்தப் பயிற்சியாளர்களுக்கே பாடம் சொல்லித் தரும் பள்ளி நம் தாம்பரத்தில் இருக்கிறது. பின் சீட்டு காலியாக இருக்கும் முதல் நாள்தான் சோலோ. அது முடிந்த பிறகுதான் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டுக்கு போன் செய்வார்கள், முன்னாடியே சொன்னால் அம்மா என்ன ஆவாள் என்று அவர்களுக்குத் தெரியும். அப்புறம் எங்கள் பக்கம்: ஃபார்ம் 700 என்று ஒரு பதிவேடு. விமானத்தில் என்ன பார்த்தோம், என்ன சரிசெய்தோம் என்று அவரவர் வேலைக்கு அவரவர் கையெழுத்துப் போடுவோம். கடைசியில் பைலட் படித்துப் பார்த்து, விமானத்தையும் ஒரு சுற்று சுற்றி வந்து, கையெழுத்திட்ட பிறகுதான் ஏறுவார். அந்தப் பேனாவை வாங்கும்போது சில பைலட்டுகள் எங்கள் முகத்தை ஒரு கணம் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் ஒரு நட்டைக்கூட அலட்சியமாக முடுக்கியதில்லை.

உங்கள் பயத்துக்கு என் பதில் பெரிசில்லை, பெண்ணின் பதில்தான் பெரிசு. இரண்டு பேரையும் ஒரு மணி நேரம் தனியாகப் பேசவிடுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாற வேண்டியிருக்கும் என்பதையும் பெண்ணிடம் மறைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த குடும்பங்களில் சண்டை வந்ததெல்லாம் பெரும்பாலும் இதில்தான்.

பிளஸ் டூ படிக்கிறேன். நானும் பைலட் ஆக வேண்டும். எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று அப்பா கேட்கிறார். — அரக்கோணம் மாணவி

பயிற்சிக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம் கண்ணு, கடைசி ஒரு வருடப் பயிற்சியில் அவர்கள்தான் உனக்கு மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை தருவார்கள். பணம் கட்டினால் இடம் வாங்கித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் போலீசில் சொல். கணக்கும் இயற்பியலும் விடாதே. பிளஸ் டூ முடித்ததும் என்.டி.ஏ. என்கிற தேசிய பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு, 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள். டிகிரி முடித்துப் போவதென்றால் ஏஎஃப்கேட் என்கிற விமானப் படைப் பொது நுழைவுத் தேர்வு. விமானம் ஓட்டும் திறனைக் கம்ப்யூட்டரில் சோதிக்கும் ஒரு தேர்வு உண்டு, அதில் ஒரு முறை தவறினால் வாழ்நாளில் மறுபடி எழுத முடியாது. அதனால் விளையாட்டாகப் போய் உட்காராதே.

உன் ஊரிலேயே ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறதே, கடற்படையின் ஹெலிகாப்டர் பைலட்டுகள் அங்கேதான் தங்க விங்ஸ் வாங்குகிறார்கள். கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட் அனாமிகா ராஜீவ் 2024 ஜூனில் அதை வாங்கியது உன் வீட்டுக்குப் பக்கத்தில்தான்.

பேரனின் பரேடுக்கு அதிரசம் சுட்டுக் கொண்டுபோகலாமா? எத்தனை? — ஒரு பாட்டி, காரைக்குடி

பேரனுக்கு மட்டும் என்று கணக்குப் போடாதீர்கள் பாட்டி. பக்கத்து அறைப் பஞ்சாபி, எதிர் அறை மணிப்பூரி, எல்லாரும் கை நீட்டுவார்கள். என் அக்கா ஐம்பது கொண்டுவந்தாள், பையன் வாய்க்குப் போனது ஒன்று. நூறாகச் சுடுங்கள், பரேடு மைதானத்துக்குள் தூக்கிக்கொண்டு போகாமல் தங்கும் அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள், எறும்பு வராமல் மூடி வைத்து.