கட்டிக்கிடக்கும் படகுகளை மட்டுமே பார்த்தவர்

கேள்வி: நான் தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்தவன், வயது 46. மனைவி தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. அவருடைய வேலையை முன்னிட்டும், படுக்கையில் இருக்கும் மாமனாரைக் கவனிக்க வேண்டியும் 11 ஆண்டுகளுக்கு முன் இங்கே குடிவந்து, கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்து வருகிறேன். எங்களுக்குள் எந்தக் குறையும் இல்லை. ஆனால், பிற்பகல் ஆனால் கடற்காற்றைத் தேடி உடம்பு தவிக்கிறது. ஆண்டுதோறும் மே மாத விடுமுறையில் ஊருக்குப் போய் வருகிறோம். திரும்பிய பின் ஏக்கம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. சொன்னால் தன்னால்தான் என்று மனைவி வருந்துவார் என்பதால் இதுவரை சொன்னதில்லை. இந்த வயதில் இப்படி ஏங்குவது அசட்டுத்தனமா?

– வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: அசட்டுத்தனம் இல்லை. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறி, அதன் மேலுள்ள காற்று எழும்பிவிட, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வந்து சேர்கிறது. 35 வயதுவரை அந்தக் காற்றில் வியர்வை ஆறிய உடம்பு, அது வராத ஊரில் அதே நேரத்தில் அதைத் தேடத்தான் செய்யும். ‘ஒகேனக்கல் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கும் தண்ணீர்தானே’ என்று உங்களுக்கு யாராவது ஆறுதல் சொல்லியிருக்கக்கூடும். திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாக மரக்காணம் போனால் ஒரே நாளில் கடலைப் பார்த்துத் திரும்பலாமே என்று நானும் முதலில் எழுத நினைத்தேன். ஆனால் அது அலை எழுந்து உடையும் கடல். இலங்கையும் மன்னார் வளைகுடாத் தீவுகளும் அரணாக நிற்பதால் அடங்கிக் கிடக்கும் கடல் உங்களுடையது. நீங்கள் ஏங்குவது ஏதோ ஒரு கடலுக்காக அல்ல, அந்த ஒரு கடலுக்காக.

நாகப்பட்டினத்துக் கரையிலிருந்து கரூருக்கு மணமாகி வந்தவர் என் தாயார். பெண் என்றால் புகுந்த ஊர்தான் ஊர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டதால், கடல் இல்லாமல் எப்படி இருக்கிறாய் என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஊரிலிருந்து கருவாட்டுப் பொட்டலம் வரும் நாளில், அதைப் பிரிக்காமல் சற்று நேரம் மடியில் வைத்துக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டிருந்த நான் கேட்காமல் விட்டது இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் உங்கள் கடிதத்தில், ஏக்கத்தைவிட ‘சொன்னதில்லை’ என்ற சொல்லே என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. ஆண்டுதோறும் ஆசிரியர் பொது மாறுதல் கலந்தாய்வு அறிவிப்பு வரும்போது உங்கள் முகத்தில் ஏதோ ஒன்று மாறுவதை உங்கள் மனைவி கவனிக்காமல் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. காரணம் தெரியாத வாட்டம், தெரிந்த காரணத்தைவிட அவரை அதிகம் வருத்தும். எனவே சொல்லுங்கள், ஊர் மாறும்படி கேட்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் போவது மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகள் போனாலும் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக்கிடக்கும், வரத்து குறைந்து மீன் விலை ஏறியிருக்கும், துறைமுகத்தில் வலை பின்னுவதும் படகுக்கு வண்ணம் அடிப்பதும்தான் நடக்கும். உங்கள் மனைவி இத்தனை ஆண்டுகளாகப் பார்த்ததெல்லாம் அந்த ஓய்ந்த கரையைத்தான். நீங்களும் ஆண்டுக்கு ஒரு முறை அதையே பார்த்துத் திரும்புகிறீர்கள். ஏக்கம் தணியாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே இந்த ஆண்டு காலாண்டுத் தேர்வு விடுமுறையில் போய்வாருங்கள். மாமனாரைப் பார்த்துக்கொள்ள மனைவியின் உடன்பிறந்தவர்களில் ஒருவரை நான்கு நாட்கள் வந்து தங்கும்படி இப்போதே கேட்டுவையுங்கள். இவ்வளவு ஆண்டுகள் தாங்கியிருக்கும் உங்கள் இருவருக்கும் அப்படிக் கேட்க முழு உரிமை உண்டு. மைசூரிலிருந்து தருமபுரி, சேலம், கரூர், மதுரை வழியாகத் தூத்துக்குடி போகும் விரைவு ரயிலில் இரவில் ஏறினால் மறுநாள் முற்பகலில் ஊரில் இருப்பீர்கள். படகுகள் கரை திரும்பி, சீலாவும் விளமீனும் ஊளியும் ஏலத்துக்கு வரும் நேரத்தில் அவரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். கச்சான் காற்று எது, கொண்டல் காற்று எது, எந்தக் காற்றில் என்ன மீன் படும் என்று உங்கள் தெருவில் சிறு பிள்ளைக்கும் தெரிந்ததை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர், கேட்டுக்கொள்வார்.