நாயின் பாதத்தில் வெடிப்பு: எந்தக் களிம்பு என்பது இரண்டாவது கேள்வி

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு ஏழு வயது. ஒரு மாதமாக நான்கு கால்களிலும் அடிப்பாதம் வறண்டு வெடித்திருக்கிறது. நொண்டவில்லை. ஆனால் ராத்திரியானால் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது. வாசலின் தடவினால் அதையும் நக்கிவிடுகிறது. என் குதிகால் வெடிப்புக்குப் போடும் க்ரீமையே இதற்கும் தடவலாமா?

பதில்: வேண்டாம். குதிகால் க்ரீம்கள் பலவற்றில் தடித்த தோலை உரிப்பதற்காக சாலிசிலிக் அமிலமோ யூரியாவோ சேர்த்திருப்பார்கள். நாம் தடவிக்கொண்டு படுத்துவிடுவோம். நாய் அடுத்த நிமிடமே அதை நக்கி விழுங்கிவிடும். வீட்டு மருந்துப் பெட்டியில் இதைவிட மோசமானவையும் இருக்கின்றன. சொரியாசிஸுக்குப் பூசும் கால்சிபோட்ரியால் களிம்பு கொஞ்சம் உள்ளே போனாலும் நாயின் ரத்தத்தில் கால்சியம் எகிறி சிறுநீரகம் கெட்டுவிடும். துத்தநாக ஆக்ஸைடு கலந்த களிம்பு, வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஜெல் இரண்டும் கூடாது. டீ ட்ரீ எண்ணெயை ‘இயற்கைதானே’ என்று தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நாய்க்கு நஞ்சு.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். நாயின் அடிப்பாதம் சொரசொரப்பாகத்தான் இருக்க வேண்டும். அதன் உடம்பிலேயே தடிமனான தோல் அங்கேதான்; அடியில் கொழுப்பு, அதிர்ச்சியைத் தாங்குவதற்காக. மேலே மெல்லிய கோடுகள் ஓடினால் அது வெடிப்பு அல்ல. பளபளவென்று மிருதுவாக்க நினைத்து நாளெல்லாம் எண்ணெய் பூசினால் தோல் ஊறி, கல்லில் மிதித்ததும் கிழியும். பிளவுக்குள் இளஞ்சிவப்பாகச் சதை தெரிகிறதா, அழுத்தினால் காலை இழுத்துக்கொள்கிறதா, ரத்தம் கசிகிறதா? கவலைப்பட வேண்டியது இவற்றுக்குத்தான்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு: ‘நான்கு கால்களிலும்’, ‘நக்கிக்கொண்டே’. ஒரு காலில் மட்டும் என்றால் முள், கண்ணாடித்துண்டு, உடைந்த நகம் என்று தேடச் சொல்லியிருப்பேன். நான்கிலும் என்றால் அது தினமும் மிதிக்கிற தரையிலோ, அதன் உடம்புக்குள்ளேயோதான் காரணம் இருக்கும். ஒரு மாதத்துக்கு முன் தரை துடைக்கும் திரவத்தை மாற்றினீர்களா? ப்ளீச்சோ ஃபீனைலோ சரியாகக் கழுவாமல் விட்ட தரை அடிப்பாதத்தை உலர்த்தி எரிச்சலைக் கிளப்பும். நடைக்கு வெயில் நேரத்தில் போகிறீர்களா? புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதற்கும் முடியாது.

அடுத்து நக்குவது. வெடிப்பினால் நக்குகிறதா, நக்கி நக்கி வெடித்ததா என்று பார்க்க வேண்டும். நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, நல்ல வெளிச்சத்தில் விரல்களை விரித்து இடுக்கைப் பாருங்கள். முடி துருநிறத்துக்கு மாறி, தோல் சிவந்து ஈரமாக, புளித்த வாடை வந்தால் பூஞ்சைத் தொற்றைச் சந்தேகிக்கலாம். அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒவ்வாமை இருக்கும். அப்படியானால் மேலே எந்தக் களிம்பைத் தடவியும் பயனில்லை.

பாதத்தின் ஓரங்களில் தூரிகை நார் போல கெட்டியாக முளைத்திருந்தால் தோல் அளவுக்கு மீறித் தடிக்கிறது என்று பொருள். வயதான நாய்களிடம் அடிக்கடி பார்ப்பதுதான். கத்தரியால் வெட்டிவிடாதீர்கள், உயிர்த்தோல் எங்கே தொடங்குகிறது என்று வெளியே தெரியாது. பாதத்தோடு மூக்கிலும் காதோரத்திலும் பொருக்கு கட்டியிருந்தாலோ, எடை குறைந்து அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் சில தன்னெதிர்ப்பு நோய்களும் கல்லீரல் கோளாறும் முதலில் பாதத்தில்தான் தலைகாட்டும்.

சாதாரண வறட்சிதான் என்றால் வீட்டுச் சிகிச்சை எளிது. நடந்து வந்ததும் வெதுவெதுப்பான நீரில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கு வரை துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு விட்டால் அதுவே தொற்றுக்கு வழி. பிறகு வாசலினோ தேன்மெழுகில் செய்த, நாய்களுக்கான பாத பாமோ மிக மெல்லியதாக, தரையில் தடம் விழாத அளவுக்கு. உங்கள் நாய் நக்கிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நேரம்தான். சாப்பாட்டுத் தட்டை வைப்பதற்குச் சற்று முன் தடவுங்கள், கவனம் அங்கே போய்விடும். பத்து, பதினைந்து நிமிடம் கிடைத்தால் போதும். அதன் பிறகும் நக்கினால், வாய் பாதத்துக்கு எட்டாதபடி கழுத்தைச் சுற்றி மாட்டும் கூம்பு போடுங்கள். நடைக்குக் கிளம்பும்போது தடவாதீர்கள். மண் ஒட்டும், வழுக்கும்.

ஆழமாகப் பிளந்து ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் ஐந்து முதல் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்ற வேண்டாம், ஆறும் திசுவையும் சேர்த்து அரிக்கும். கட்டுப் போட்டால் தினமும் மாற்ற வேண்டும், நனைந்தால் உடனே. கட்டுக்கு வெளியே விரல்கள் வீங்கியோ குளிர்ந்தோ இருந்தால் இறுக்கம் அதிகம், அவிழ்த்துவிடுங்கள்.

மேலோட்டமான வெடிப்பு ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மாதம் ஓடிவிட்டது, ராத்திரி நக்கலும் நிற்கவில்லை. ஆகவே தரைத் திரவத்தை இன்றே மாற்றிவிட்டு, இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் போங்கள். விரலிடுக்கில் ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். அன்று காலை மட்டும் பாதத்தைக் கழுவவும் வேண்டாம், எதையும் தடவவும் வேண்டாம்; பார்க்க வேண்டியதே துடைத்துப் போய்விடும்.