தம்பி திரும்பி வருகிறான்: சறுக்கினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. குடியில் ஆரம்பித்து, அப்புறம் வலி மாத்திரை, கடைசியில் ஹெராயின் வரை போய்விட்டான். மூன்று மாத சிகிச்சை முடிந்து அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வருகிறான். "மறுபடி எடுக்க நேர்ந்தால் என்ன செய்வது என்று அவனோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்" என்று அங்கிருந்த ஆலோசகர் சொன்னார். அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "பிள்ளை நல்லபடியாக வரும்போது நீயே வாய் வைக்காதே" என்கிறார். பேசினால் நானே அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? என் மகனுக்கு 13 வயது. மாமா இத்தனை நாள் எங்கே போயிருந்தார் என்று கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்ல?

பதில்: பேசுங்கள். அதுவும் முதல் வாரத்திலேயே பேசுங்கள். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் பேச்சில் நாம் கேட்பது 'எடுப்பானா, மாட்டானா' என்பது இல்லை. எடுத்தால் உயிரோடு இருப்பானா என்பதுதான்.

ஹெராயின், மார்ஃபின், ஒருவகை வலி மாத்திரைகள் எல்லாம் ஓபியாய்டு என்ற ஒரே குடும்பம். இவை மூளையில் மூச்சை இயக்கும் பகுதியை மந்தமாக்கும். தொடர்ந்து எடுத்தால் உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும். அதனால்தான் புதியவரைக் கொல்லக்கூடிய அளவை எடுத்துவிட்டும் பழகியவர் எழுந்து நடமாடுகிறார். இந்தத் தாங்கும் சக்தி நிரந்தரம் இல்லை. சில நாள் நிறுத்தினாலே இறங்கத் தொடங்கும், மூன்று மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். கைக்கு மட்டும் பழைய அளவு ஞாபகம் இருக்கும். ஆக, சிகிச்சை முடித்துச் சுத்தமாக வெளியே வருகிறவர்தான் அளவு மீறிச் சாகும் ஆபத்தில் அதிகம் இருக்கிறார். கேட்க விபரீதமாக இருந்தாலும் நிலைமை அதுதான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில், போதை மருந்து அளவு மீறி அவர்கள் இறக்கும் அபாயம் பொதுமக்களைவிட 129 மடங்கு இருந்தது. சிறை வேறு, சிகிச்சை மையம் வேறு. ஆனால் உள்ளே நிறுத்திவிட்டு வெளியே வரும் உடம்பு ஒன்றுதான்.

எனவே தம்பியிடம் நேராகவே சொல்லலாம்: "நீ எடுக்கக் கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒருவேளை எடுத்துவிட்டால், உன் பழைய அளவு இப்போது உன்னைக் கொன்றுவிடும். தனியாக இருந்து எடுக்காதே. குடியோடும் தூக்க மாத்திரையோடும் சேர்க்காதே. எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு, நான் திட்ட மாட்டேன்." கடைசி வார்த்தையைக் காப்பாற்ற முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள். முதல் முறை கூப்பிடும்போது திட்டிவிட்டால் இரண்டாம் முறை கூப்பிட மாட்டான்.

இது அனுமதி ஆகாதா என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்த்தவரையில், அக்கா பேசிவிட்டாள் என்பதற்காக யாரும் போய் எடுத்ததில்லை. பேச ஆள் இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தவர்கள்தான் நிறைய.

நலோக்சோன் என்ற மருந்தைப் பற்றி அவனுடைய மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். ஓபியாய்டின் வேலையைச் சில நிமிடங்களில் தடுத்து மூச்சைத் திரும்பக் கொண்டுவரும். ஊசியாகவும் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் வருகிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இதைக் கொடுத்துப் பழக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே பரிந்துரைத்துவிட்டது. உங்கள் பகுதியில் கிடைக்குமா, யார் வாங்கலாம், எப்படிப் போடுவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அளவு மீறியதை எப்படிக் கண்டுபிடிப்பது? தட்டினாலும் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டான். மூச்சு மிக மெதுவாக வரும், அல்லது தொண்டையில் கரகரவென்று குறட்டை போலச் சத்தம் வரும். உதடும் நகமும் நீலம் பாயும், கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். "நல்லா தூங்கட்டும், காலையில் பேசிக்கலாம்" என்று போர்வையை இழுத்து விட்டு வந்தவர்கள் உண்டு. அந்தக் குறட்டை தூக்கம் இல்லை. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். நலோக்சோன் இருந்தால் கொடுக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். தண்ணீர் ஊற்றுவது, வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம். நலோக்சோன் வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம்தான். அது தீர்ந்ததும் உடம்பில் மிச்சமிருக்கும் போதை மறுபடி மூச்சை அமுக்கலாம். அதனால் கண் விழித்துவிட்டான் என்றாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

இன்னொன்று. தம்பிக்குப் பியூப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோன் (ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர் அளந்து கொடுக்கும் ஓபியாய்டு மருந்துகள்) கொடுத்திருந்தால், "இதுவும் போதைதானே, எப்போது நிறுத்தப் போகிறாய்?" என்று வீட்டில் யாரும் கேட்க வேண்டாம். இந்தக் கேள்விதான் பலரையும் மருந்தைப் பாதியில் நிறுத்த வைத்திருக்கிறது. இந்த மருந்துகளை எடுக்கும் காலத்தில் மரண விகிதம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. நால்ட்ரெக்ஸோன் கொடுத்திருந்தால் சங்கதி வேறு. அது போதை ஏறவிடாமல் தடுக்கும், ஆனால் தாங்கும் சக்தியைத் தராது. அதை நிறுத்திவிட்டுப் பழைய அளவை எடுப்பது மிகவும் ஆபத்து.

சரி, சறுக்கலுக்கு வருவோம். ஒரு முறை எடுப்பது வேறு, பழைய வாழ்க்கைக்கே திரும்பிப் போவது வேறு. இரண்டுக்கும் நடுவே சில மணி நேரமோ சில நாளோ இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் மனம் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். 'தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன' என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டு அல்லவா? ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதே எண்ணத்தைத்தான். ஒரு தடவை விதியை மீறியதும் வரும் குற்ற உணர்ச்சியும் 'நான் லாயக்கில்லாதவன்' என்ற முடிவுமே அடுத்த தடவைக்குத் தள்ளிவிடுகின்றன.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் ஏழு மாதம் குடிக்காமல் இருந்தார். அலுவலகத்தில் ஒரு சண்டை, அன்றிரவு ஒரு கிளாஸ். 'எல்லாம் போச்சு' என்று பதினோரு நாள் குடித்தார். அதற்குப் பிறகு நாங்கள் ஒரு சின்ன அட்டை எழுதினோம். அவர் கையெழுத்திலேயே மூன்று வரி: 'ஒன்று குடித்தால் ஒன்றுதான் போனது. இடத்தை விட்டு எழு. இந்த நம்பருக்குக் கூப்பிடு.' பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ஒரு நாள் இரவு பத்தே முக்காலுக்கு போன் வந்தது. "ஒண்ணு குடிச்சிட்டேன். இரண்டாவது ஊத்தியாச்சு, கையில இருக்கு." போனைக் காதில் வைத்துக்கொண்டே சிங்க்கில் கொட்டுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அந்த முறை ஒரே கிளாஸோடு நின்றது.

தம்பியையும் அவன் கைப்பட ஒரு அட்டை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதித் தர வேண்டாம். குடியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். நிறுத்திய இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் காய்ச்சலும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

எடுக்க வேண்டும் என்ற வெறி அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கும். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் ஏதாவது ஒன்று இருக்கும்போதுதான் அதிகம் ஏறும். பழைய ஆட்களும் பழைய தெருவும் கண்ணில் பட்டால் இன்னும் அதிகம். வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களைப் பற்றி எழுபதுகளில் லீ ராபின்ஸ் நடத்திய ஆய்வில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். அதற்குக் காரணங்கள் பல, இட மாற்றம் அதில் பெரிய காரணம். தம்பி பழைய அறைக்குப் போகாமல் உங்கள் வீட்டுக்கு வருவது அந்த வகையில் நல்லது. ஆனால் நாள்தோறும் அவன் சட்டைப்பையைத் துழாவினால் உங்கள் வீடும் அவனுக்கு ஒளிந்து வாழும் இடமாகிவிடும். வீட்டில் இருக்கும் வலி மாத்திரை, தூக்க மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். அதை ஒளிக்காமல் அவனிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இனி உங்கள் மகன். மாமா வெளியூரில் வேலைக்குப் போயிருந்தார் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுவதைப் பார்த்தே அவன் பாதி கண்டுபிடித்திருப்பான். "மாமாவுக்குப் போதைப் பழக்கம் நோயாக ஆகிவிட்டது, சிகிச்சைக்குப் போயிருந்தார், இன்னும் சிகிச்சை தொடர்கிறது" என்றால் போதும்.

பயமுறுத்தாதீர்கள். "ஒரு தடவை தொட்டால் அவ்வளவுதான்" என்று நீங்கள் சொல்லி, நாளைக்கு ஒரு தடவை தொட்ட நண்பன் பரீட்சையில் முதல் மார்க் வாங்கினால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் அவன் தூக்கிப் போட்டுவிடுவான். அமெரிக்காவில் 1983-ல் தொடங்கிய டேர் திட்டத்தில் போலீஸ்காரர்கள் வகுப்புக்கே வந்து போதைக்கு எதிராகப் பாடம் எடுத்தார்கள். பழக்கத்தை அது பெரிதாகக் குறைக்கவில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. பிள்ளைகளிடம் எடுபடுவது சின்ன, சரியான தகவல்தான். வகுப்பில் எல்லோரும் குடிக்கிறார்கள் என்று அவன் நினைத்தால், உண்மையான எண்ணிக்கை அதைவிடக் குறைவாகவே இருக்கும். வயதைப் பற்றியும் சொல்லலாம். 1997-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 15 வயதுக்கு முன்பே குடிக்க ஆரம்பித்தவர்களில் 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20-க்குப் பிறகு ஆரம்பித்தவர்களில் அது சுமார் 10 சதவீதம். உங்கள் குடும்பத்தில் இந்தப் பழக்கம் இருப்பதால் அவனுக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், எவ்வளவு தள்ளிப் போடுகிறானோ அவ்வளவு நல்லது என்று மறைக்காமல் சொல்லுங்கள். எங்கேயாவது மாட்டிக்கொண்டால் உங்களைக் கூப்பிடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தம்பிக்குச் சொன்ன அதே வார்த்தையில்.

தம்பி வந்து இறங்கும் நாளில் இதையெல்லாம் எடுக்க வேண்டாம். களைப்பாக இருப்பான். மறுநாள் காலை, அம்மா அடுப்படியில் வேலையாக இருக்கும் நேரம் பார்த்து, ஒரு பேனாவும் வெற்று அட்டையும் எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.