சார்டனே கிளாஸைக் கையில் கொடுத்தால்

தம்பி, ஆபீஸ் ஆட்களோடு மார்கரெட் ரிவர் போகிறீர்கள், ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குத் தெற்கே இருக்கிற ஒயின் வட்டாரம். அங்கே பீப்பாயில் நொதித்த உயர்ரக சார்டனே என்ற வெள்ளை ஒயினை ஊற்றிக் கொடுத்து "எப்படி?" என்று கேட்டால் என்ன சொல்வது, பாட்டிலுக்கு 100 டாலருக்கு மேல் கொடுக்க அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பெர்த்துக்கு யார் வந்தாலும் நான் அந்தப் பக்கம் கூட்டிப்போவது வழக்கம், அதனால் சொல்கிறேன்.

கிளாஸ் ஜில்லென்று இருந்தால் உடனே குடிக்காதீர்கள். இந்த ரகம் 10 முதல் 13 டிகிரியில்தான் வாய் திறக்கும். அதற்கு முன் புளிப்பு மட்டுமே தெரியும். கையில் பிடித்தபடி கொஞ்சம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு சுழற்று சுழற்றி மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். முதலில் தீக்குச்சி உரசிய வாடை வரலாம். கெட்டுப்போனதில்லை, நொதிக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்கள் அவை. லேசாக இருந்தால் பலர் தேடி வாங்குவதே அதற்காகத்தான். அது அடங்கியதும் பம்ப்ளிமாஸ், பேரிக்காய், நெய்யில் முந்திரி வறுக்கிற மணம் என்று ஒவ்வொன்றாக வரும்.

ஒயினைத் தொட்டியில் தயாரித்துவிட்டுக் கடைசியில் மரத்தில் ஊறவைக்கிறார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இதில் திராட்சைச் சாறே 225 லிட்டர் ஓக் பீப்பாய்க்குள் போய் அங்கேயே நொதிக்கிறது. வேலை முடிந்த ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படியும். அதை எடுக்காமல் மாதக்கணக்கில் விட்டுவைத்து, சிலர் அவ்வப்போது கோலால் கலக்கியும் விடுவார்கள். மரத்தின் துவர்ப்பில் ஒரு பங்கை அந்த வண்டல் இழுத்துக்கொள்ளும். வனிலா மணத்தையும் ஈஸ்ட் தணித்துவிடும். அதனால்தான் மரம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. நாக்கில் படும் வழவழப்பும் வண்டல் கொடுத்ததுதான். வெண்ணெய் வாசனை வந்தால் அது பாக்டீரியாவின் வேலை: கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது உண்டாவது. அங்கே பலர் அந்த மாற்றத்தைத் தடுத்தோ பாதியோடு நிறுத்தியோ வைப்பதால் புளிப்பு கூர்மையாக இருக்கும்.

தரம் பார்க்க நான் நம்புவது, விழுங்கிய பிறகு வாயில் என்ன மிச்சம் என்பதைத்தான். வனிலாவும் மரத்தூளும் மட்டும் தங்கினால், என்ன பேர் போட்ட பாட்டிலானாலும் வாங்க மாட்டேன். பழமும் புளிப்பும் சேர்ந்து அரை நிமிஷமாவது நின்றால் நல்ல சரக்கு. கால் மணி நேரம் வைத்திருந்து மறுபடி முகரும்போது புது வாசனை ஏதாவது கிளம்பினால் இன்னும் நல்லது.

விலைக்கு வருவோம். புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் 1000 டாலருக்கு மேல் ஆகும். ஆனால் ஒன்றில் 300 பாட்டில் வரும் என்பதால் பாட்டிலுக்குச் சில டாலர்தான். மிச்சக் காசில் பெரும்பங்கு தோட்டத்துக்கு. அங்கே பேர்போன ஜின்ஜின் என்கிற சார்டனே கொடி வகையில் ஒரே குலையில் பெரிய மணியும் குட்டி மணியும் கலந்து காய்க்கும். விளைச்சல் குறைவு, சாறு செறிவு. பேருக்கும் ஒரு விலை உண்டு. அங்குள்ள லூவின் எஸ்டேட் என்ற ஒயின் நிறுவனத்தின் ஆர்ட் சீரிஸ் சார்டனே 1980 அறுவடையிலிருந்தே வருகிறது.

யாராவது கேட்டால் உங்கள் மூக்குக்குப் பட்டதைச் சொல்லுங்கள். "வறுத்த முந்திரி" என்றாலே ஊற்றுபவர் உற்சாகமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்.

துப்புவதற்கு வாளி வைத்திருப்பார்கள். நம் ஆட்கள் கூச்சப்படுவார்கள், ஆனால் அங்கே அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் கார் ஓட்டுவதாக இருந்தால் கட்டாயம் துப்புங்கள். ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தை எட்டினாலே குற்றம், புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்களுக்கான பி பிளேட் போட்டிருந்தால் துளிகூட இருக்கக் கூடாது. பெர்த் திரும்ப மூன்று மணி நேரம் ஆகும்.