தீர்ப்புகள் எல்லாம் இணையத்திலேயே கிடைக்கும்போது, பல்கலைக்கழகச் சட்ட நூலகங்களில் சிறப்புத் தொகுப்புகள் எதற்கு?

இன்று நடப்பில் உள்ள சட்டம் என்ன என்பதை மட்டும் அறிய வேண்டியவருக்குத் தரவுத்தளமே போதும். ஆனால் அந்தச் சட்டம் எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது, அதை அக்காலத்து வழக்கறிஞர்கள் எவ்வாறு படித்தார்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டால், பூட்டிய அறையில் காக்கப்படும் அரிய நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் தேடித்தான் போக வேண்டும்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் சட்டப் பள்ளி நூலகம் 1946இல், இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பிட்ட இடைக்கால உரிமைச் சாசனமான மேக்னா கார்ட்டாவின் தோல் பிரதி ஒன்றை 27.50 டாலருக்கு வாங்கியது. 1327ஆம் ஆண்டைச் சேர்ந்த நகல், ஈரக்கறை பட்டது என்றே ஏல விவரப் பட்டியல் அதைக் குறித்திருந்ததால், ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாகக் கருதவில்லை. நூலகம் இணையத்தில் ஏற்றியிருந்த படத்தைத் தற்செயலாகக் கண்ட லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் டேவிட் கார்ப்பென்டருக்கு, இது நகல்தானா என்ற ஐயம் எழுந்தது. அவரும் பேராசிரியர் நிக்கோலஸ் வின்சென்ட்டும் எழுத்தமைதியையும் 489க்கு 473 மில்லிமீட்டர் என்ற அளவையும் ஆராய்ந்தார்கள். மங்கிய வரிகளைப் புற ஊதா ஒளியில் படமெடுக்கச் செய்து, வாசகத்தைச் சொல் சொல்லாக மற்றப் பிரதிகளோடு ஒப்பிட்டார்கள். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் மன்னர் அந்தச் சாசனத்தை 1300இல் மீண்டும் வெளியிட்டபோது உருவான மூலப் பிரதிகளில் எஞ்சியுள்ள ஏழில் ஒன்று அது என்று 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. ஐயத்தை எழுப்பியது இணையப் படம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், கறைபடிந்த அந்தத் தோலை நூலகம் கழித்துக் கட்டியிருந்தால் புற ஊதா ஒளியை எதன்மீது பாய்ச்சியிருப்பார்கள்?

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு அன்றாடம் நிகழ்வதில்லை. எனக்கு வாய்த்தது மிகச் சிறியது. பையை வெளியே வைத்துவிட்டு, பென்சில் மட்டும் கையில் கொண்டு, பஞ்சணைமேல் கிடத்திய ஒரு பழைய தீர்ப்புத் தொகுதியைப் புரட்டியபோது, ஒரு தீர்ப்பின் ஓரத்தில் யாரோ ஒரு வழக்கறிஞர் கறுப்பு மையில் ஐயக்குறி இட்டிருந்ததையும், அதனடியில் வேறொரு கை, பழுப்பேறிய மையில், அதை மாற்றிய பிந்தைய தீர்ப்பின் பக்க எண்ணைச் சேர்த்திருந்ததையும் கண்டேன். இருவர் அந்தத் தீர்ப்போடு வாதாடியிருக்கிறார்கள்! தரவுத்தளத்தில் அதே தீர்ப்பு உள்ளது. ஆனால் அங்கே ஓரமே இல்லை.

நீங்கள் செல்வதாயின், பொதுப் பட்டியலில் தேடியதோடு நின்றுவிடாதீர்கள். தனிநபர்கள் விட்டுச்சென்ற கடிதங்களும் குறிப்புகளும் பெரும்பாலும் பெட்டி வாரியாகவே விவரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கடிதத்துக்கும் தனிப் பதிவு இராது. எனவே உங்கள் ஆய்வுக் கேள்வியைத் தெளிவாக எழுதி, பொறுப்பாளருக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பது பல வேளைகளில் அவருக்குத்தான் தெரியும்.