ஸ்வீடன் ரை ரொட்டி வீட்டில் செய்தால் ஏன் மொறுமொறுவென்று வருவதில்லை?

கேள்வி: ஸ்வீடனில் சாப்பிட்ட மொறுமொறு ரை (கோதுமை மாதிரி ஒரு தானியம்) ரொட்டியை வீட்டில் செய்து பார்த்தேன். ஓரம் கருகுகிறது, நடுப்பகுதி தோல் மாதிரி இழுபடுகிறது. எங்கே தவறு?

ஓவனின் சூட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்திருப்பீர்கள். நானும் ஒரு குளிர்காலம் முழுக்க அதைத்தான் செய்தேன். இந்த ரொட்டி வேகும்போது மொறுமொறுப்பாவதில்லை, வெந்த பிறகு காயும்போதுதான் ஆகிறது. நாம் அப்பளத்தை முதலில் காயவைத்து அப்புறம் சுடுகிறோம். இவர்கள் முதலில் சுட்டு அப்புறம் காயவைக்கிறார்கள்.

நான் இருப்பது மத்திய ஸ்வீடனில், தாலர்னா பகுதியில். இங்கே கடைக்குப் போனால் வண்டிச்சக்கரம் மாதிரி பெரிய வட்ட ரொட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓட்டை. அது அழகுக்கு வைத்த ஓட்டை இல்லை. அந்தக் காலத்தில் ஓடைத் தண்ணீரில் ஓடும் ஆலைகளில்தான் மாவு அரைப்பார்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் ஓடையில் போதுமான வேகம் இருக்கும். அதனால் வருடத்துக்கு இரண்டு முறை மொத்தமாகச் சுட்டு, நீளக் கம்பில் கோத்து, கூரைக்குக் கீழே தொங்கவிடுவார்கள். அந்த ஓட்டை கம்பு நுழைவதற்கு. மாதக்கணக்கில் கெடாமல் இருந்ததற்குக் காரணம், அதில் ஈரமே மிச்சம் இல்லை. பிறகு தொழிற்சாலைகள் வந்தன. உலகம் முழுக்கத் தெரிந்த வாசா நிறுவனம் 1919-இல் வடக்கே ஷெலெஃப்டியோவில் தொடங்கி, 1931-இல் ஃபிலிப்ஸ்டாட்டிலும் ஆலை அமைத்தது.

எனக்கு இது புரிந்தது பக்கத்து வீட்டு மூதாட்டியால். என் ரொட்டி ஒன்றை எடுத்து, காதுக்குப் பக்கத்தில் பிடித்து உடைக்கப் பார்த்தார். சத்தமே வரவில்லை, வளைந்தது. மறுபேச்சில்லாமல் மீதி ரொட்டிகளைத் துடைப்பக் கம்பில் கோத்து, இரண்டு நாற்காலி முதுகுகளுக்கு நடுவே, ஹீட்டருக்கு மேலே வைத்துவிட்டுப் போனார். நான்கு நாள் கழித்து வந்து உடைத்தார். சடக்கென்று மூன்று துண்டாகப் போனது. ஸ்வீடிஷில் இதன் பெயர் ‘க்னெக்கேப்ரோட்’. ‘க்னெக்கா’ என்றால் சடக்கென்று முறிப்பது. அந்தச் சத்தம்தான் ரொட்டியின் பெயர்.

இப்போது நான் செய்யும் கணக்கு: ரை மாவு 250 கிராம், கோதுமை மைதா 100 கிராம், வெதுவெதுப்பான பால் 250 மில்லி, உலர் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், ஒன்றிரண்டாக இடித்த சோம்பு இரண்டு டீஸ்பூன். ஸ்வீடனில் இருந்து செய்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ‘ரோக்சிக்ட்’ என்று எழுதியிருக்கும் பையில் பாதிக்கு மேல் கோதுமைதான், அது வெறும் ரை மாவு இல்லை. ‘கும்மின்’ என்று இருப்பது நம் சீரகமும் இல்லை. அது கேரவே விதை, ரொட்டிக்கு அருமையாக இருக்கும், ரசத்தில் போட்டால் ரசமே மாறிவிடும். நம் சீரகத்துக்கு இங்கே ‘ஸ்பீஸ்கும்மின்’ என்று கேட்க வேண்டும்.

பிசையும்போது சப்பாத்திப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரை மாவில் கோதுமை மாதிரி இழுவை கிடையாது. அதில் இருக்கும் பசைப்பொருள் தண்ணீரை உறிஞ்சிப் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மாவைக் கொட்டிக்கொண்டே போனால் ரொட்டி கல்லாகிவிடும். கரண்டியால் கலந்து மூடி வைத்து, ஒரு மணி நேரம் அப்படியே விட்டால் போதும். அதற்குள் மாவு தண்ணீரை முழுதாக வாங்கிக்கொண்டு தானே அடங்கிவிடும்.

எட்டு உருண்டைகளாகப் பிரித்து, நிறையத் தூவுமாவோடு பேக்கிங் தாள் மேல் வைத்துத் தேயுங்கள். சுமார் 20 சென்டிமீட்டர் அகலம், இரண்டு மில்லிமீட்டர் கனம். கனம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருப்பதுதான் முக்கியம். உங்கள் ரொட்டி ஓரம் கருகி நடுவில் இழுபட்டதற்கு, நடுப்பகுதி தடிப்பாக இருந்தது பாதிக் காரணமாக இருக்கும். தேய்த்த பிறகு, இங்கே முள்முள்ளாக இருக்கும் ‘க்ரூஸ்காவெல்’ என்ற கட்டையை மேலே ஒருமுறை உருட்டுவார்கள். அது இல்லையென்றால் முள்கரண்டி போதும், விரலகல இடம்கூட விடாமல் குத்துங்கள். சப்பாத்தி உப்பினால் நமக்குச் சந்தோஷம், இங்கே உப்பினால் போச்சு. பூரி மாதிரி இரண்டு தோலாகப் பிரிந்து, மேல் தோல் கருகும், உள்ளே ஈரம் தங்கும். கடைசியாக நடுவில் சின்ன மூடியால் ஓர் ஓட்டை.

ஓவனை 250 டிகிரிக்கு நன்றாகச் சூடேற்றி, உள்ளேயே காய்ந்திருக்கும் கனமான தட்டின் மேல் தாளோடு தள்ளிவிடுங்கள். ஐந்து நிமிடம். அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்ததும் எடுத்துவிட வேண்டும். இந்த நேரத்தில் அது வளையத்தான் செய்யும், பயப்படாதீர்கள்.

இங்கேதான் நான் தராசை வைத்துக்கொள்கிறேன். சுடுவதற்கு முன் 75 கிராம் இருந்த வட்டம், வெந்து வரும்போது 60 கிராம் அளவில் இருக்கிறது. மொறுமொறுவென்று ஆகும்போது 45-க்கு வந்துவிடுகிறது. அதாவது போக வேண்டிய ஈரத்தில் பாதி இன்னும் உள்ளேயே இருக்கிறது. அதைப் பெரிய சூட்டில் விரட்டினால் கருகும். ஓவனை 100 டிகிரிக்குக் குறைத்து, கதவில் மரக்கரண்டியைச் சொருகி, ஆவி வெளியே போக வழிவிட்டு, 40 நிமிடம் கம்பித்தட்டில் வைத்திருங்கள். ஓவனை அணைத்த பிறகும் ஆறும்வரை உள்ளேயே இருக்கட்டும். ஸ்வீடன் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்று எலும்புவரை உலர்ந்திருக்கும், அதனால் இங்கே கம்பில் தொங்கவிட்டாலே காய்ந்துவிடும். நீங்கள் கடலோர ஊரில் இருந்தால் அதை நம்ப வேண்டாம், ஓவனிலேயே முடித்துவிடுங்கள்.

நன்றாக ஆறியதும் இறுக்க மூடும் தகர டப்பாவில் போடுங்கள். வெதுவெதுப்பாகவே போட்டால் அதன் ஆவியிலேயே நமத்துவிடும். வெண்ணெயைத் தடவி, மேலே பாலாடைக்கட்டியோ அவித்த முட்டை வில்லையோ வைத்துச் சாப்பிடுவார்கள். பள்ளிக்கூட மதிய உணவில்கூடப் பிள்ளைகளுக்குத் தட்டோரம் இது உண்டு. வெண்ணெயைச் சொரசொரப்புப் பக்கம் தடவுவதா, வழுவழுப்புப் பக்கம் தடவுவதா என்று இங்கே ஓயாத விவாதம். எனக்குச் சொரசொரப்புப் பக்கம்தான், குழிகளில் உப்பு வெண்ணெய் தேங்கி நிற்கும்.

அடுத்த முறை ஒரு ரொட்டியை மட்டுமாவது எடைபோட்டுப் பாருங்கள். 50 கிராமுக்கு மேல் காட்டினால் சூட்டைக் கூட்டாமல் இன்னொரு 20 நிமிடம் 100 டிகிரியில் வையுங்கள். டப்பாவில் இருந்து நமத்துப்போனதற்கும் இதேதான், பத்து நிமிடம் போதும்.