அக்கா பையன் கனடால ஐஸ் ஹாக்கி ஆடறான், 7 வயசு. பாதி ரிங்க்ல (ஐஸ் மைதானத்துல), ஸ்கோர் எழுதாம ஆட வெக்கறாங்க. இப்படி ஆடுனா பையன் எப்படிங்க முன்னேறுவான்?

நல்லாவே முன்னேறுவானுங்க, கவலைய விடுங்க. ஈரோட்டுப் பக்கம் பொடிசுகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லித் தர்றனுங்க, அதனால இதை ரொம்ப ஆசையா கவனிக்கறவன். பெரியவங்க ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம், அதுல 7 வயசுப் பசங்களை விட்டா வேகமா சறுக்கற ஒருத்தன் பக்கை (பந்துக்குப் பதிலா இருக்கற ரப்பர் வட்டை) தள்ளிட்டே போயிருவான், மத்தவங்க எல்லாம் அவன் முதுகைப் பாத்துட்டே பின்னாடி போய்ட்டு இருப்பாங்க. இடத்தைச் சுருக்குனா எல்லாருக்கும் பக் அடிக்கடி கிடைக்கும், சட்டுனு நிக்கணும், திரும்பணும், நிமிந்து பாத்து யாருக்குப் பாஸ் பண்றதுன்னு முடிவெடுக்கணும், வளர்ச்சியே அங்கதானுங்க இருக்குது. அமெரிக்கால 2009ல கொண்டு வந்த திட்டத்துலயும் 8 வயசு வரைக்கும் ரிங்க்கைக் குறுக்கால பிரிச்சுத்தான் ஆட்டம். பக் கூட பொடிசுகளுக்கு 170 கிராமுக்குப் பதிலா 113 கிராம் நீல பக் இருக்குது.

அப்புறம் உடம்பால மோதிச் சாய்க்கறது, அதை 12 வயசு வரைக்கும் வேண்டாம்னு அமெரிக்கா 2011லயும் கனடா 2013லயும் முடிவு பண்ணிட்டாங்க, தலைக்காயத்துக்குப் பயந்துதான்.

ஸ்கோர் இல்லைன்னா பசங்களுக்கு ஆர்வம் போயிராதுங்க, அவங்களே மனசுல எண்ணிக்குவாங்க. நம்மூர்ல 6 வயசுக் குழந்தை மெடல் வாங்கலைன்னு பெத்தவங்க மூஞ்சியத் தூக்கிட்டுப் போறதப் பாத்தா எனக்கு மனசே ஆறாது.

நீங்க பாக்க வேண்டியது ஒண்ணுதானுங்க, கோச் எல்லாப் பசங்களையும் எல்லா இடத்துலயும் மாத்தி மாத்தி ஆட விடறாரான்னு. உங்க பையனை எப்பவுமே கோல்லயே நிறுத்துனா மட்டும் அக்காவைப் போய் பேசச் சொல்லுங்க.